ஒளியின் கதை – 31: ரப்பரில் ஏறிய வெளிச்சம்

நேச்சர் ஃபோட்டானிக்ஸ் ஆய்விதழின் 2013 அக்டோபர் இதழில் 811ஆம் பக்கத்தில் ஒரு கட்டுரை தொடங்குகிறது. அது 816இல் முடிந்ததும் அடுத்த பக்கத்திலேயே இன்னொன்று. இரண்டும் ஒரே பொருளைப் பற்றியவை: இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கி, அத்தனை நேரமும் அணையாமல் எரியும் ஒரு படலம். முதல் கட்டுரை ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரமும் டோக்கியோவும் சேர்ந்து எழுதியது. இரண்டாவது லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் இரு குழுவும் ஒன்றையே சாதித்ததாகத் தோன்றும். ஆனால் ஒருவர் சொன்ன பதில் மற்றவர் பதிலுக்கு நேர் எதிர். முதல் குழு விளக்கை நீளவைக்கவே இல்லை, நீள்வதாக நடிக்கவைத்தது. இரண்டாம் குழு விளக்கின் ஒவ்வோர் அடுக்கையும் ரப்பராக்கியது. திரையைக் கைக்கடிகாரத்திலிருந்து சட்டைக்கும் தோலுக்கும் கொண்டுபோக நினைப்பவர்கள் இன்றுவரை இந்த இரண்டு வழிகளில் ஒன்றில்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

வளைப்பது வேறு, இழுப்பது வேறு. கடைக்கு வந்துவிட்ட மடிப்புக் கைப்பேசியின் திரை வளைகிறதே தவிர அதன் நீளம் மாறுவதில்லை. ஒரு படலத்தை வளைக்கும்போது வெளிப்பக்கம் கொஞ்சம் நீளும், உட்பக்கம் கொஞ்சம் சுருங்கும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதைத் தடிமன் தீர்மானிக்கிறது. தடிமனைப் பாதியாக்கினால் அதே வளைவில் நீட்சியும் பாதியாகும். ஆகவே மெலிதாக்கிக்கொண்டே போனால் கண்ணாடிகூட வளையும். உடம்பு அப்படி விட்டுக்கொடுக்காது. முழங்கையை மடக்கும்போது அங்கே தோல் ஏறக்குறைய 30 சதவீதம் நீள்கிறது. மேலே ஒட்டிய திரையும் கூடவே நீள வேண்டும். நீளாவிட்டால் பிய்ந்து வரும், இல்லையேல் தோலைப் பிடித்து இழுத்து எரிச்சல் உண்டாக்கும். தட்டைத் திரைகளில் பரவலாகப் பயன்படும் ஒளிபுகும் மின்முனையோ இண்டியம் டின் ஆக்சைடு. கண்ணாடி குணம் கொண்டது. ஒன்றிரண்டு சதவீதம் இழுத்தாலே அதில் விரிசல் விழுந்துவிடும்.

இந்த இடைவெளியை மிக எளிதாகத் தாண்டியது எது என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது. அது நவீனப் பொருள் எதுவும் இல்லை. 1936லேயே தெரிந்திருந்த, திரைத் தொழில் வேண்டாமென்று ஓரங்கட்டிய ஒரு தூள்.

அந்த ஆண்டு பிரான்ஸில் ழார்ஜ் தெஸ்த்ரியோ துத்தநாக சல்ஃபைடு தூளை மின்கடத்தாப் பொருளொன்றில் குழைத்து, இரண்டு மின்முனைகளுக்கு நடுவே வைத்து, மாறுமின்னழுத்தம் கொடுத்தார். தூள் ஒளிர்ந்தது. மேரி கியூரியின் ஆய்வகத்தில் வேலைபார்த்தவர் தெஸ்த்ரியோ. தான் கண்டதை லோசெவ் ஒளி என்றே எழுதினார். லெனின்கிராடு முற்றுகையில் 1942இல் பட்டினியால் இறந்த ரஷ்ய ஆய்வாளர் ஒலெக் லோசெவ்தான் அவர் குறிப்பிட்ட ஆள். முன்னோடிக்குச் செய்த மரியாதை என்ற அளவில் அந்தப் பெயர் நல்லதுதான். இயற்பியலாகப் பார்த்தால் இரண்டும் வேறு. லோசெவின் கார்பொரண்டம் படிகத்தில் மின்னோட்டம் பாய்ந்தது, பாய்ந்த இடத்தில் ஒளி வந்தது. தெஸ்த்ரியோவின் தூளிலோ மின்னோட்டம் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பாய வேண்டிய தேவையே இல்லை.

இந்த வேறுபாடுதான் பின்னால் வந்த கதைக்கு விதை. துத்தநாக சல்ஃபைடு மணியில் மிகச் சிறிதளவு செம்பு கலக்கிறார்கள். அது மணிக்குள்ளேயே மெல்லிய ஊசிகளாகப் படிகிறது. வெளியே மின்புலம் மாறி மாறி அடிக்கும்போது ஊசி முனைகளில் அந்தப் புலம் பலமடங்கு செறிந்து, மின்னூட்டங்களை மணிக்குள் தள்ளுகிறது. திசை மாறும்போது அவை ஒன்றையொன்று சந்தித்து ஒளியாகின்றன. எல்லாமே மணியின் எல்லைக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு மணியும் தனி விளக்கு. பக்கத்து மணி அதைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை. சுற்றியுள்ள பொருள் எண்ணெயா, பிசினா, ரப்பரா என்பதைப் பற்றி அதற்குக் கவலையும் இல்லை. புலம் எட்டினால் போதும்.

இத்தனை வசதி இருந்தும் அந்தத் தூளுக்குப் பெரிய வாழ்வு வரவில்லை. 1950களில் அமெரிக்க நிறுவனங்கள் ஒளிரும் சுவர் என்றெல்லாம் கனவு கண்டன. 1960இல் கிறைஸ்லர் கார்களின் அளவுமானிகளில் அது மெல்லிய வெளிச்சம் தந்தது. நிலவுக்குப் போன அப்பல்லோ கலத்தின் கணினிப் பலகையில் பச்சையாகத் தெரிந்த எண்கள் இந்த வகைதான். 1992இல் டைமெக்ஸ் நிறுவனம் இன்டிக்ளோ என்ற பெயரில் கைக்கடிகார முகப்புக்குப் பின்னால் வைத்து விற்றது. அவ்வளவோடு சரி. வெளிச்சம் குறைவு, மின்னழுத்தம் அதிகம், ஆயுள் சுமார். திரை என்ற பெரிய பந்தியில் அதற்கு இலை போடவில்லை.

பந்தியில் உட்கார்ந்தவை கரிமப் பொருள்கள். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில், ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தில், சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் 1987இல் வெளியிட்ட ஒரு சிறிய கட்டுரையிலிருந்து இன்றைய ஓஎல்இடி திரை தொடங்குகிறது. அதற்கு முன்பே கரிமப் படிகங்கள் ஒளிர்ந்ததைக் கண்டிருந்தார்கள்; ஆனால் நூற்றுக்கணக்கான வோல்ட் தேவைப்பட்டது. டாங் செய்தது இரண்டு மெல்லிய அடுக்குகளை ஒட்டவைத்தது. ஓர் அடுக்கு நேர்மின்னூட்டத்தை, அதாவது துளைகளை, கொண்டுவரும். மற்றது எலக்ட்ரானைக் கொண்டுவந்து ஒளியையும் தரும். இரண்டும் சேர்ந்தே ஒரு மைக்ரோமீட்டரில் ஏழில் ஒரு பங்குக்கும் குறைவு. 10 வோல்ட்டுக்குள் சதுர மீட்டருக்கு 1,000 கேண்டெலாவுக்கு மேல் வெளிச்சம் வந்தது. சூரிய மின்கலத்துக்காக இரண்டு அடுக்கு யோசனையை ஒரு வருடம் முன்னால்தான் டாங் வெளியிட்டிருந்தார். ஒளியை மின்சாரமாக்க உதவியது, மின்சாரத்தை ஒளியாக்கவும் உதவியது.

மூன்று ஆண்டு கழித்து கேம்பிரிட்ஜின் கேவெண்டிஷ் ஆய்வகத்தில் ஜெரமி பரோஸ், டானல் பிராட்லி, ரிச்சர்ட் ஃபிரெண்ட் ஆகியோர், வேதியியல் துறையின் ஆண்ட்ரூ ஹோம்ஸ் குழுவுடன் சேர்ந்து, சிறிய மூலக்கூறுக்குப் பதில் ஒரு நெடுஞ்சங்கிலியை ஒளிரவைத்தார்கள். பாலிஃபினைலீன் வினைலீன் என்று பெயர். வாயில் நுழையாவிட்டால் பிபிவி என்று சொல்லிக்கொள்ளலாம். ஆய்வகங்களிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். மஞ்சள்பச்சை நிற ஒளி. செயல்திறனோ ஒரு சதவீதத்தில் இருபதில் ஒரு பங்கு. அந்தச் சொற்ப எண்ணைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. பிளாஸ்டிக் விளக்காக எரிந்துவிட்டது என்பதே அன்று செய்தி. 1992இல் ஆலன் ஹீகரின் குழு கண்ணாடியையும் கழற்றி எறிந்தது. பிளாஸ்டிக் தாள்மேல் பாலிஅனிலீன் என்ற மின்கடத்தும் பாலிமரை மின்முனையாகப் பூசி, வளைக்கக்கூடிய விளக்கைச் செய்தது. பிளாஸ்டிக்கும் மின்சாரம் கடத்தும் என்று காட்டியதற்காக ஹீகருக்கும், மெக்டயார்மிட், ஷிரகாவா இருவருக்கும் 2000ஆம் ஆண்டில் வேதியியல் நோபல் கிடைத்த கதையை விரிவாகவே எழுதிவிட்டேன்.

வளைக்கலாம் என்று ஆன பிறகு இழுக்கவும் செய்யலாமே என்றுதான் தோன்றும். இங்கேதான் பொருளின் சுபாவம் குறுக்கே நின்றது.

பிபிவி போன்ற சங்கிலி மின்சாரம் கடத்துவதற்குக் காரணம் அதன் முதுகெலும்பில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வருவது. அந்த அமைப்பில்தான் எலக்ட்ரான் சங்கிலி நெடுக ஓட முடியும். அதே அமைப்புதான் சங்கிலியை விறைப்பாகவும் ஆக்குகிறது. விறைத்த சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கி நின்றால் மின்னூட்டம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். ரப்பர் இதற்கு எல்லா வகையிலும் மாறானது. அதன் சங்கிலிகள் ஒழுங்கே இல்லாமல் சுருண்டு கிடப்பதால்தான் இழுக்கும்போது நிமிர்கின்றன, விட்டால் மறுபடி சுருள்கின்றன. மின்சாரத்துக்கு ஒழுங்கு வேண்டும், நீட்சிக்கு ஒழுங்கின்மை வேண்டும். கூடவே இன்னொரு வித்தியாசம். துத்தநாக சல்ஃபைடு மணியைப்போல இது தனக்குள் வேலையை முடித்துக்கொள்வதில்லை. எலக்ட்ரான் ஒரு பக்கமிருந்தும் துளை மறுபக்கமிருந்தும் கிளம்பி, பல அடுக்குகளைக் கடந்து, நடுவில் சந்தித்தாக வேண்டும். வழியில் எந்த அடுக்கில் விரிசல் விழுந்தாலும் அந்த இடம் இருண்டுவிடும்.

ஆகவே சிலர் பொருளை மாற்றாமல் வடிவத்தை மாற்றினார்கள். ஹார்வர்டில் ஜார்ஜ் ஒயிட்சைட்ஸின் குழு 1998இல் ஒன்றைக் கவனித்தது. சூடாக்கிய சிலிகோன் ரப்பர்மேல் மெல்லிய உலோகப் படலம் படியவைத்து ஆறவிட்டால், ரப்பர் சுருங்கும்போது உலோகம் உடையாமல் சீரான அலைகளாக மடிந்தது. அதே ஹார்வர்டில் இளம் ஆய்வாளராக இருந்துவிட்டுப் போன ஜான் ராஜர்ஸ், பின்னர் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், 2006இல் இதைச் சிலிகானுக்குச் செய்துகாட்டினார். ரப்பரை முதலில் இழுத்துப் பிடித்து, அதன்மேல் சிலிகான் நாடாக்களை ஒட்டி, பிறகு ரப்பரை விட்டுவிட்டார். பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருக்கம் சுருக்கமாக நிற்கிறதே, அதே வேலை. துணி நீளமானதும் இல்லை, குறைந்ததும் இல்லை. சுருக்கம் விரிகிறது, கூடுகிறது. எளிதில் உடையும் அந்தக் குறைகடத்தி அப்படித்தான் நீளும் பொருளானது. 2009இல் அதே குழு மிகச் சிறிய எல்இடிகளை ரப்பரில் பதித்து, அவற்றை நெளிவான கம்பிகளால் இணைத்தது. விளக்குப் புள்ளி நீளாது, கம்பிதான் நீளும்.

டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தகாவோ சோமேயா வேறு ஒரு கம்பியைக் கண்டுபிடித்தார். கார்பன் நானோகுழாயை அயனித் திரவத்தில் அரைத்து ஃபுளூரின் கலந்த ரப்பரோடு சேர்த்தால் அச்சடிக்கக்கூடிய, நீளக்கூடிய, மின்சாரம் கடத்தும் பசை கிடைத்தது. அதைக் கம்பியாக வைத்து 2009இல் சோமேயாவும் செகிதானியும் ஒரு கரிமத் திரையைச் செய்து, 30 முதல் 50 சதவீதம் வரை இழுத்துக் காட்டினார்கள். அரைக்கோளத்தின்மேல் போர்த்தியும் காட்டினார்கள். இதிலும் புள்ளிகள் விறைப்பானவைதான்.

அந்த வழியின் உச்சம்தான் 811ஆம் பக்கம். மேத்யூ ஒயிட், மார்ட்டின் கால்டன்ப்ரன்னர் ஆகியோர் 1.4 மைக்ரோமீட்டர் பாலியெஸ்டர் படலத்தின்மேல் பாலிமர் விளக்கைச் செய்தார்கள். எல்லாம் சேர்ந்து 2 மைக்ரோமீட்டர். தலைமுடியின் தடிமன் அதைவிடப் பல பத்து மடங்கு. இழுத்துப் பிடித்த ரப்பரில் ஒட்டி விட்டால் சுருங்கிச் சுருக்கமாகும்; மறுபடி இழுத்தால் இரட்டிப்பு நீளம்வரை போகும். கசக்கிப் பந்தாக்கினாலும் எரிந்தது. 2016இல் சோமேயா குழு இதே மெலிவை 3 மைக்ரோமீட்டரில் தோலுக்குக் கொண்டுவந்து, புறங்கையில் ஒட்டி எண்களைக் காட்டவைத்தது. சிவப்பும் பச்சையும் தரும் விளக்கு, பக்கத்தில் ஒளியுணரி. இரண்டும் சேர்ந்து இரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவைப் படித்தன. அந்தப் புகைப்படங்கள் உலகெங்கும் சுற்றின. தொலைக்காட்சியைக் கன்னத்தில் ஒட்டிக்கொள்ளும் காலம் வந்துவிட்டது என்று எழுதாத பத்திரிகை குறைவு. உண்மையில் அந்தக் கட்டுரையின் சாதனை வேறு: மணிக்கணக்கில் செத்துக்கொண்டிருந்த விளக்கை, கரிமமும் கனிமமும் மாறி மாறிப் பூசிய காப்பு உறையால் நாட்கணக்குக்கு நீட்டியது. அதைப் படம்பிடிக்க முடியாது என்பதால் செய்தியாகவில்லை.

இனி 817ஆம் பக்கம். அங்கே தலைமை சீபிங் பெய். இவர் ஹீகரோடு வேலைசெய்தவர். 1995இல் அவர்கள் சேர்ந்து செய்த ஒரு கருவி அப்போது கொஞ்சம் விசித்திரமாகத் தெரிந்தது. ஒளிரும் பாலிமரில் உப்பையும், அந்த உப்பின் அயனிகள் நகர இடம்தரும் இன்னொரு பாலிமரையும் கலந்துவிட்டார்கள். மின்னழுத்தம் கொடுத்ததும் அயனிகள் இருபுறமும் ஒதுங்கி, மின்முனைக்கு அருகில் பாலிமரையே நன்றாகக் கடத்தவைத்தன. இதனால் என்ன லாபம்? ஓஎல்இடிக்கு எலக்ட்ரானை உள்ளே தள்ள, மெக்னீசியம், கால்சியம் போன்ற, காற்றுப்பட்டாலே கெட்டுப்போகும் உலோகம் வேண்டியிருந்தது. அயனி கலந்த இந்த விளக்குக்கு எந்த மின்முனையானாலும் சரி, இருபுறமும் ஒரே பொருளை வைக்கலாம். அடுக்கு கொஞ்சம் தடிமனாக இருந்தாலும் ஒளிரும். மெதுவாகப் பற்றும், ஆயுளும் குறைவு என்பதால் திரைத் தொழில் இதைக் கண்டுகொள்ளவில்லை. ஆனால் நீளும் விளக்குக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு வேறு இல்லை.

லாஸ் ஏஞ்சலிஸில் பெய்யின் குழு 2011இல் கார்பன் நானோகுழாய் பதித்த பாலிமரை இருபுறமும் வைத்து 45 சதவீதம் நீளும் விளக்கைச் செய்தது. எல்லா அடுக்கும் நீண்ட முதல் விளக்கு என்று அதைச் சொல்லலாம். 2013இல் வந்தது அதன் முதிர்ந்த வடிவம். வெள்ளி நானோகம்பிகளைப் பாலியூரித்தேன் வகை ரப்பரின் மேற்பரப்பில் பதித்து மின்முனை செய்தார்கள். கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று கிடப்பதால் இழுக்கும்போது வழுக்கி நகருமே தவிர தொடர்பு அறுவதில்லை. விளக்கு சாதாரண அறை வெப்பத்தில் 120 சதவீதம் நீண்டும் எரிந்தது. சிறிதளவு இழுத்தபோது செயல்திறன் கூடவும் செய்தது. 5க்கு 5 என்று 25 புள்ளிகள் கொண்ட ஒரு குட்டித் திரையும் காட்டினார்கள். எண்ணிக்கையைப் பார்த்தால் பரிதாபம்தான். ஆனால் அந்த 25 புள்ளியிலும் ஒன்றுகூட விறைப்பான தீவு இல்லை.

இதே காலத்தில் பழைய தூள் திரும்பி வந்தது. அதை ரப்பரில் கலப்பதில் தடையே இல்லை என்று பார்த்தோம். குறை மின்முனையில்தான் இருந்தது. அந்தக் குறையைத் தீர்த்தது உப்புத் தண்ணீர். 2013இல் ஹார்வர்டில் கிறிஸ்டோஃப் கெப்ளிங்கர், ஜியோங்-யுன் சுன், ஷிகாங் சுவோ முதலியோர், உப்புநீர் ஊறிய ஹைட்ரோஜெல்லை ஒளிபுகும் மின்முனையாக்கி, அதைக்கொண்டு ஓர் ஒலிபெருக்கியைச் செய்தார்கள். ஜெல் மின்சாரம் கடத்துவது எலக்ட்ரானால் அல்ல, அயனியால். நேர்மின்னோட்டம் தொடர்ந்து பாய்ந்தால் நீர் சிதைந்துவிடும். மாறுமின்னழுத்தத்தில், நடுவே மின்கடத்தா ரப்பர் இருக்கும்போது, அயனிகள் முன்னும் பின்னும் அசைவதோடு சரி. தெஸ்த்ரியோவின் தூள் கேட்டதும் மாறுமின்னழுத்தம்தானே? இரண்டுக்கும் ஜாதகம் பொருந்திவிட்டது. சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பூய் சி லீயின் குழு அயனிக் கடத்திகளை வைத்து 700 சதவீதம்வரை நீளும் ஒளிப்படலம் செய்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் லார்சன், ராப் ஷெப்பர்ட் குழு 2016இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டது 480 சதவீதம். அவர்கள் முன்மாதிரியாகச் சொன்னது ஆக்டோபஸ். மூன்று ஒளிரும் பட்டைகளைச் சேர்த்து ஊர்ந்துபோகும் ஒரு மென் எந்திரத்தையும் செய்தார்கள். இழுக்கும்போது படலம் மெலிந்து அதன் மின்தேக்குத்திறன் மாறுவதால், அதே படலம் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதையும் தானே சொல்லிவிடும்.

700 சதவீதம் என்ற எண்ணில் மயங்க வேண்டாம். மனிதத் தோல் அவ்வளவு நீளப்போவதில்லை. அந்தத் தூளை எழுப்ப நூற்றுக்கணக்கான வோல்ட் தேவை, அதைத் தோலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள எல்லாரும் சம்மதிக்க மாட்டார்கள். அந்தத் தூள் உருப்படியாக இடம் பிடித்தது நெசவில் என்பது என் எண்ணம். ஷாங்காயின் ஃபூதான் பல்கலைக்கழகத்தில் ஹுய்ஷெங் பெங் குழு 2021இல் ஒளிர்தூள் பூசிய இழையைப் பாவாகவும், ஒளிபுகும் அயனிக் கடத்தி இழையை ஊடையாகவும் போட்டுத் துணி நெய்தது. பாவும் ஊடையும் குறுக்கிடும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு விளக்கு. 6 மீட்டர் நீளம், 25 சென்டிமீட்டர் அகலம், சுமார் 5 லட்சம் புள்ளிகள், இடைவெளி ஏறக்குறைய 800 மைக்ரோமீட்டர். துவைத்தும் பார்த்தார்கள், 100 தடவைக்குப் பிறகும் பெரும்பாலும் எரிந்தது. ரப்பர் விஞ்ஞானிகள் தோலை எப்படி நகலெடுப்பது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருக்க, தறி அந்தக் கேள்வியையே கேட்கவில்லை.

ஆனாலும் பிரகாசமான, நுணுக்கமான, குறைந்த மின்னழுத்தத்தில் ஓடும் திரைக்கு பாலிமர்தான் வழி. அங்கே முடிச்சு அவிழ்ந்தது ஸ்டான்ஃபோர்டில், ஜெனான் பாவ் ஆய்வகத்தில். அவர்கள் முதலில் விளக்கைத் தொடவில்லை, டிரான்சிஸ்டரைத்தான் எடுத்துக்கொண்டார்கள். 2017இல் ஒரு விறைப்பான குறைகடத்திப் பாலிமரை மின்சாரமே கடத்தாத ரப்பரோடு கலந்தபோது, அது ரப்பருக்குள் நானோ அளவு இழைகளாகப் பிரிந்து நின்றது. அவ்வளவு மெலிந்த நிலையில் சங்கிலிகள் பெரிய படிகங்களாக அடுக்கிக்கொள்ள முடியாது. ஆகவே விரிசலும் விழாது. இரட்டிப்பு நீளம்வரை இழுத்தும் கடத்தும் திறன் குறையவில்லை. அடுத்த ஆண்டே சதுர சென்டிமீட்டருக்கு 347 டிரான்சிஸ்டர் என்ற கணக்கில் நீளும் சுற்றுகளை அச்சிட்டார்கள்.

அதே 2018இல் அங்கே ஆய்வாளராக இருந்த ஜிதாவ் ஜாங் இந்த வித்தையை ஒளிரும் பாலிமரில் செய்துபார்த்தார். அவர் எடுத்தது சூப்பர் யெல்லோ என்ற மஞ்சள் பாலிமர். கேம்பிரிட்ஜில் எரிந்த பிபிவியின் நேரடி வாரிசு அது. அதோடு பாலியூரித்தேன் ரப்பரைக் கலந்தார். பொருள் மென்மையாகும் என்பது எதிர்பார்த்ததுதான். வெளிச்சம் கூடும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மின்சாரத்தைக் கடத்தாத, ஒளி தராத ஒன்றைச் சேர்த்து நீர்க்கச் செய்தால் வெளிச்சம் குறைய வேண்டும் என்பதுதானே வழக்கமான கணக்கு? கணக்கில் விட்டுப்போனது பொறிகள். எந்தப் பாலிமரிலும் ஆங்காங்கே எலக்ட்ரான் விழுந்து சிக்கிக்கொள்ளும் குழிகள் உண்டு. துளைகள் தாராளமாக ஓட, எலக்ட்ரான்கள் குழிகளில் சிக்க, இரண்டும் சரிக்குச் சரி சந்திப்பதில்லை. மின்கடத்தாப் பொருளைக் கலந்தால் குழிகளின் அடர்த்தி குறைந்து சமநிலை திரும்பும் என்பதை ஜெர்மனியின் மைன்ஸில் பால் புளோம் குழு 2016இல் காட்டியிருந்தது. ஸ்டான்ஃபோர்டில் ரப்பர் ஒரே நேரத்தில் இரண்டு வேலையையும் செய்தது.

2022இல் நேச்சர் இதழில் வந்த அந்த விளக்கில் ஏழு அடுக்கு: இருபுறமும் தாங்கும் படலம், உள்ளே மின்முனைகள், அதற்குள் மின்னூட்டம் கடத்தும் அடுக்குகள், நடுவில் ஒளிரும் அடுக்கு. ஏழும் பாலிமர், ஏழும் நீளும். சதுர மீட்டருக்கு 7,450 கேண்டெலா, இரட்டிப்பு நீளம். அதற்கு முன்னால் நீளும் பாலிமர் விளக்கு என்றால் மங்கல் என்றே பொருள். வெயிலில் நின்று மணிக்கட்டைப் பார்த்தாலும் எழுத்து தெரியும் என்ற நிலை அன்றுதான் வந்தது. மூன்று பத்தாண்டுகளாக எதிரி என்று எல்லாரும் தள்ளிவைத்த ரப்பரே வெளிச்சத்தைக் கூட்டியதை, இந்தத் தொடரில் நான் எழுதிய கண்டுபிடிப்புகளில் ஆகச் சுவையானது என்பேன்.

பிரகாசம் வந்தது; சிக்கனம் இன்னும் வரவில்லை. மின்னூட்டங்கள் சந்திக்கும்போது நான்கில் ஒன்றுதான் நேரடியாக ஒளியாகும், மீதி மூன்று வெப்பமாய்ப் போய்விடும் என்பது சாதாரண ஒளிர்பொருளின் விதி. ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் சிஹாயா அடாச்சி 2012இல் அந்த மூன்றையும், சுற்றியுள்ள வெப்பத்தின் உதவியால் மீட்டெடுக்கும் மூலக்கூறுகளை உருவாக்கினார். பாவின் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் செய்த சிஹொங் வாங் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போய், அந்த வகைப் பாலிமரின் சங்கிலியில் மென்மையான ஹைட்ரோகார்பன் துண்டுகளை இடையிடையே கோத்தார். 2023இல் வெளியான பொருள் 125 சதவீதம் நீண்டது. அதில் செய்த விளக்கின் செயல்திறன் 10 சதவீதம். பிபிவி தொடங்கிய இடத்தோடு ஒப்பிட்டால் 200 மடங்கு.

தொழிற்சாலைகள் இந்த வழிக்கு இன்னும் வரவில்லை. சாம்சங் 2017இல் லாஸ் ஏஞ்சலிஸ் கண்காட்சியில் காட்டிய 9.1 அங்குலத் திரையை விரலால் அழுத்தினால் 12 மில்லிமீட்டர் குழிந்து மீண்டது. எல்ஜி டிஸ்பிளே 2022இல் 20 சதவீதம் நீளும் 12 அங்குலத் திரையையும், 2024 நவம்பரில் 12 அங்குலத்திலிருந்து 18 அங்குலம்வரை, அதாவது 50 சதவீதம் நீளும் திரையையும் காட்டியது. எல்ஜியின் திரைகளில் சிலிகோன் தளத்தில் பதித்த நுண் எல்இடிகளும் நெளிந்த கம்பிகளும்தான். ராஜர்ஸ் காட்டிய பாதை. முதலில் கடைக்கு வரப்போவது இந்த வகைதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்குக் காரணமும் எளிது: நுண் எல்இடி காற்றிலும் ஈரத்திலும் பிழைக்கும்.

கரிம விளக்கு பிழைக்காது. நீராவியும் ஆக்சிஜனும் பட்டால் அதில் கரும்புள்ளிகள் விழுந்து பரவும். கைப்பேசித் திரைக்குக் கண்ணாடியும் கனிமப் பூச்சும் காவல். நீளும் விளக்குக்கு அந்தக் காவலைப் போட வழியில்லை. ரப்பர் நீள்வது அதன் சங்கிலிகளுக்கிடையே இடம் இருப்பதால், அவை ஓயாமல் அசைவதால். அதே இடுக்கில்தான் நீராவியும் நுழைகிறது. எவ்வளவு நன்றாக நீளுமோ அவ்வளவு நன்றாகக் கசியும். ஆய்வகங்களில் இந்த விளக்குகளை நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்குள் செய்வது வழக்கம். வியர்க்கும் தோலில் நைட்ரஜன் பெட்டி கட்ட முடியாது.

2023இல் சயன்ஸ் இதழில் ஒரு தீர்வு வெளியானது. காலியமும் இண்டியமும் சேர்ந்த கலவை அறை வெப்பத்தில் திரவமாகவே இருக்கும் உலோகம். அதை இரண்டு ரப்பர் படலங்களுக்கு நடுவே அடைத்தால், ரப்பரோடு சேர்ந்து நீளும். உலோகம் என்பதால் நீராவியையும் ஆக்சிஜனையும் உள்ளே விடாது. மின்கலங்களுக்கு அருமையான உறை. விளக்குக்கு என்றால் முதுகுப்பக்கம் மட்டும் போடலாம். முன்பக்கம் போட்டால் நீராவியோடு சேர்த்து ஒளியையும் நிறுத்திவிடும்.

(தொடரும்)